ஆண்டுகொள்ளலாம்: ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலும் அதன் திரைவடிவமும்

தந்தையின் பிறந்தநாளுக்கு இரண்டு மகன்கள் பரிசு தருகிறார்கள். இளையவன் சார்லஸ், விறகு வெட்டிச் சேர்த்த காசில் மூன்று அலகுகளும் முத்துப்பிடியும் கொண்ட ஜெர்மானியக் கத்தி ஒன்றை வாங்கிக் கொடுக்கிறான். மூத்தவன் ஆடம், தோப்பில் கண்டெடுத்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து கொடுக்கிறான். அந்தக் கத்தியைத் தந்தை பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. நாய்க்குட்டியோ அவருடைய அறையிலேயே படுத்து உறங்குகிறது. பின்னொரு நாள் இரவு, ஆளரவமற்ற சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது, “அவர் பிறந்தநாளுக்கு நீ என்ன செய்தாய்?” என்று கேட்கத் தொடங்கும் சார்லஸ், அண்ணனைக் குற்றுயிராகும்வரை அடித்துப் போட்டுவிட்டுப் போகிறான். போனவன் கைக்கோடரியுடன் திரும்பி வருகிறான். ஆடம் பள்ளத்தில் தவழ்ந்து மறைந்து உயிர் பிழைக்கிறான்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1952-இல் வெளியிட்ட ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் இந்தக் காட்சிக்குள் பின்னால் வரப்போகும் 500 பக்கங்களும் விதையாக அடங்கியிருக்கின்றன. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில், ஆதாமின் மூத்த மகன் காயீனின் காணிக்கையைக் கடவுள் ஏன் அங்கீகரிக்கவில்லை என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. ஸ்டைன்பெக் அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு தலைமுறைச் சகோதரர்களின் கதையாக விரிக்கிறார். நாவலின் தலைப்பும் அதே அதிகாரத்திலிருந்து வந்ததுதான்: தம்பியைக் கொன்ற காயீன் போய்க் குடியேறிய நாடு ஏதேனுக்குக் கிழக்கே இருந்தது.

கதை கனெக்டிகட் மாநிலப் பண்ணையில் தொடங்கி, கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்குக்கு நகர்கிறது. அங்கே ஆடம் டிராஸ்க் நிலம் வாங்குகிறார். அவருடைய மனைவி கேத்தி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற கையோடு, தடுக்க வந்த கணவரைத் தோளில் சுட்டுவிட்டு வெளியேறி, நகரத்தில் விலைமாதர் விடுதி ஒன்றில் சேர்ந்து, பிறகு அதன் உரிமையாளராகவும் ஆகிறாள். தாய் இறந்துவிட்டாள் என்று நம்பியே வளரும் ஏரன், கேல் என்ற அந்த இரு மகன்களில் ஒருவனுக்கு அன்பு கேட்காமலே கிடைக்கிறது. மற்றவன் அதற்காக வாழ்நாளெல்லாம் ஏங்குகிறான். இதற்கு இணையாக, ஸ்டைன்பெக்கின் தாய்வழித் தாத்தாவான சாமுவேல் ஹாமில்டனின் குடும்பக் கதையும் ஓடுகிறது. அயர்லாந்திலிருந்து வந்து, தண்ணீரில்லாத வறண்ட நிலத்தில் ஒன்பது பிள்ளைகளை வளர்த்த அந்த மனிதரைப் பற்றிய பக்கங்களில் ஒரு பேரனின் வாஞ்சை வெளிப்படையாகவே தெரிகிறது.

இந்த நாவலை எழுதிய 1951-ஆம் ஆண்டில் ஸ்டைன்பெக் ஒவ்வொரு நாளும் தம் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிசிக்கு நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் நாவலைத் தொடர்ந்திருக்கிறார். சிறுவர்களாக இருந்த தம் இரண்டு மகன்களுக்குத் தாம் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கைச் சொல்லிவைப்பதே தொடக்கத்தில் அவருடைய நோக்கமாக இருந்தது. அதனால்தான் முதல் அத்தியாயத்தில் கதைமாந்தர் எவரும் இல்லை. கிழக்கே வெயிலும் வாத்சல்யமும் நிறைந்த கேபிலன் மலைகள், மேற்கே இருண்டு அச்சுறுத்தும் சாண்டா லூசியா மலைகள், நடுவே கோடையில் மண்ணுக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஆறு. மழை கொழித்த ஆண்டுகளில் வறட்சியையும், வறண்ட ஆண்டுகளில் மழையையும் மக்கள் அடியோடு மறந்துவிடுவார்கள் என்று அவர் எழுதும் இடத்தில், ஆற்றங்கரையில் பிறந்த எவரும் ஒரு கணம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள். பொறுமையற்ற வாசகர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்வது வழக்கம். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாவலின் உயிர்நிலை ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. ஓராண்டுக்கும் மேலாகப் பெயரிடப்படாமல் கிடக்கும் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் தேடி சாமுவேலும் ஆடமும், வீட்டுப் பணியாளரான லீ என்ற சீனரும் மரத்தடியில் அமர்ந்து ஆதியாகமத்தைப் படிக்கிறார்கள். காயீனிடம் கடவுள் பாவத்தைப் பற்றிச் சொல்லும் வசனம் லீயின் மனத்தில் தைத்துவிடுகிறது. ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது ‘நீ அதை ஆள்வாய்’ என்ற வாக்குறுதியாகவும், இன்னொன்றில் ‘நீ அதை ஆண்டுகொள்’ என்ற கட்டளையாகவும் இருப்பதை அவர் கவனிக்கிறார். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள தம் குலத்து முதியவர்களிடம் அதைக் கொண்டுபோகிறார். அந்த நான்கு கிழவர்களும் இந்த ஒரே வசனத்துக்காக எபிரேய மொழி கற்கத் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ‘டிம்ஷெல்’ என்ற அந்தச் சொல்லின் பொருள் ‘ஆளலாம்’ என்பதே. ‘லாம்’ என்றால் மறுக்கவும் செய்யலாம் என்றாகிறது; ஆகவே தேர்வு மனிதனுடையது.

இந்த இடத்தை ஆங்கிலத்தில் படித்தபோது அறிவால் புரிந்துகொண்டேன். பிறகு தமிழ் வேதாகமத்தை எடுத்து அதே வசனத்தைப் பார்த்தேன். பழைய மொழிபெயர்ப்பில் ‘நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்’ என்றிருக்கிறது. ஆண்டுகொள்ளுவாய், ஆண்டுகொள், ஆண்டுகொள்ளலாம் என்று மூன்றையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், 600 பக்க நாவலின் தத்துவம் முழுவதும் ஒரு தமிழ் விகுதிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எபிரேயச் சொல்லின் ஒலிவடிவம் ‘டிம்ஷோல்’ என்பதே சரி என்றும், அதற்கு லீ தரும் பொருளொன்றே பொருள் அல்ல என்றும் அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பிறப்பாலேயே தான் கெட்டவன் என்று நம்பத் தொடங்கிவிட்ட கேல் என்ற சிறுவனுக்கு அந்த ‘லாம்’ எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நாவல் காட்டும்போது, இலக்கணத் திருத்தம் அதன் வலிமையைக் குறைப்பதில்லை.

குறைகள் இல்லாத நாவல் அன்று இது. ஹாமில்டன் குடும்பக் கிளைக்கதைகளில் சில, டிராஸ்க் குடும்பத்தின் கதையோடு ஒட்டாமல் தனித்து நிற்கின்றன. ஆசிரியர் இடையிடையே வந்து நிகழ்த்தும் சிற்றுரைகள் சில நீண்டுவிடுகின்றன. பெரிய குறை கேத்திதான். உடலூனத்தோடு சிலர் பிறப்பதுபோல மனவூனத்தோடு பிறந்தவள் என்று ஆசிரியர் அவளை அறிமுகப்படுத்துகிறார். எல்லோருக்கும் தேர்வு உண்டு என்று முழங்கும் புத்தகத்தில் ஒருத்திக்கு மட்டும் அது மறுக்கப்பட்டால், முழக்கத்தின் அடித்தளமே ஆட்டம் காணாதா? பின்னர் ஓரிடத்தில், தாம் அவளை அரக்கி என்று சொன்னது சரிதானா என்று ஆசிரியரே ஐயப்படுகிறார். அந்த ஐயம் நேர்மையானது. ஆனால் அவளுக்கு அது தாமதமாக வருகிறது.

எலியா கசான் இயக்கி 1955-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட திரைப்படம் இந்தப் பெருங்கதையின் கடைசிப் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. திரைக்கதை எழுதிய பால் ஆஸ்பர்ன், 1917-இல் கதையைத் தொடங்கி, பிள்ளைகள் வளர்ந்த பிறகு நடப்பதை மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குகிறார். சார்லஸ் இல்லை, வில் ஹாமில்டன் ஒருவரைத் தவிர ஹாமில்டன்கள் இல்லை, லீயும் இல்லை. லீ இல்லாததால் ‘டிம்ஷெல்’ என்ற சொல்லுக்கும் இடமில்லை. நாவலை நேசிப்பவர்கள் இதைக் கேட்டவுடன் படத்தைப் புறக்கணித்துவிடக்கூடும். நானும் அப்படித்தான் வெகுநாள் பார்க்காமல் இருந்தேன். அது தவறு. ஒரு பெருநாவலைச் சுருக்கித் தருவதற்கு மாறாக, அதன் ஒரே ஒரு வலியை எடுத்து உருப்பெருக்கிக் காட்டுகிறது இப்படம்.

அந்த வலியின் பெயர் ஜேம்ஸ் டீன். அவர் முதன்மை வேடமேற்ற மூன்று படங்களில் அவர் உயிரோடிருந்தபோது திரைக்கு வந்தது இது ஒன்றுதான். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், கார் விபத்தில் இறந்தார். கேல் வேடத்தில் அவர் எந்த இடத்திலும் நேராக நிற்பதில்லை. தூணில் சாய்கிறார், தரையில் குந்துகிறார், ரயில் பெட்டியின் கூரைமேல் குளிரில் சுருண்டு உட்கார்ந்து வருகிறார். தன் நிலத்தில் அவரைச் செடி முளைக்கிறதா என்று மண்ணில் குப்புறப் படுத்துப் பார்க்கிறார். ஆடமாக நடித்த ரேமண்ட் மாஸி பழைய நாடக மரபில் பயின்றவர். ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசுபவர். இருவருக்கும் இடையில் படப்பிடிப்பில் நிலவிய பிணக்கைக் கசான் தணிக்கவில்லை. காட்சிக்கு உதவும் என்று வளரவிட்டார். உணவு மேசையில் தந்தை மகனை வேதாகமம் வாசிக்கச் சொல்லும் காட்சியில், மகன் வேண்டுமென்றே வசன எண்களையும் சேர்த்து வாசிக்க, கேமராவும் ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. அகலத்திரையில் அந்தச் சாய்வைப் பார்க்கும்போது வீடே சரிந்துகொண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

பரிசு மறுக்கப்படும் காட்சிக்காகவே நாவலையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். லெட்யூஸ் கீரையைப் பனிக்கட்டியில் பொதிந்து ரயிலில் கிழக்கே அனுப்பும் முயற்சியில் தந்தை இழந்த பணத்தை, போர்க்கால அவரை வியாபாரத்தில் ஈட்டிய கேல், அதைப் பரிசாகக் கொண்டுவந்து வைக்கிறான். போரால் கொள்ளை லாபம் அடைந்த பணம் தனக்கு வேண்டாம் என்கிறார் தந்தை. படத்தில் இந்த இடத்தில் டீன் கோபித்து வெளியேற வேண்டும் என்றுதான் எழுதப்பட்டிருந்ததாம். அவரோ தேம்பியபடி தந்தையைக் கட்டிப்பிடிக்கிறார். எதிர்பாராத மாஸி என்ன செய்வதென்று தெரியாமல் விறைத்து நின்று, மகனின் பெயரை மட்டும் சொல்கிறார். டாலர் நோட்டுக் கட்டு கைகளுக்கு இடையே நழுவிச் சிதறுகிறது. கசான் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அன்பைக் கொடுக்கத் தெரியாத ஒரு மனிதரின் தடுமாற்றம் அந்த முகத்தில் இருக்கிறது. எந்த ஒத்திகையாலும் அதைப் பெற்றிருக்க முடியாது.

நாவலில் கேல் அழுது கட்டிப்பிடிப்பதில்லை. பிறகு தன் அறையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக எரிக்கிறான். ஆனால் நாவல் தரும் வேறொன்று படத்தில் கிடையாது. இந்தத் தந்தை யார் என்று நமக்குத் தெரியும். நாய்க்குட்டி கொடுத்து உழைக்காமலே அன்பு பெற்ற அதே ஆடம்தான் இவர். தம் தந்தையைத் தாம் நேசித்ததே இல்லை என்றும், நேசித்தவன் சார்லஸ்தான் என்றும் அறிந்தவர். அத்துடன், தந்தை சைரஸ் விட்டுப்போன ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட சொத்து நேர்வழியில் வந்ததாக இருக்க முடியாது என்பது சார்லஸுக்குத் தெரிந்திருந்தும், அதை நம்ப மறுத்து அந்தப் பணத்தில்தான் ஆடம் நிலம் வாங்கினார். அவர் இப்போது மகனின் பணத்தைத் தூய்மையற்றது என்று தள்ளுகிறார். இத்தனையும் தெரிந்து படிக்கும்போது, படத்தில் வெறும் கண்டிப்பான கிழவராகத் தெரிந்தவர், மறுப்பின் வலியை ஒருநாளும் அறியாததால் அதைப் பிறருக்கு எளிதாகக் கொடுத்துவிடும் மனிதராகத் தெரிகிறார். அதே மனிதர் படைக்கு ஆள்சேர்க்கும் குழுவில் கையெழுத்திடுபவராகவும் இருந்து, அந்தக் கையெழுத்தால் போகும் பிள்ளைகளை நினைத்து உள்ளுக்குள் சிதைகிறார் என்பதையும் நாவல் மறைப்பதில்லை. அவரை வெறுக்க முடிவதில்லை.

ஓரிடத்தில் படம் நாவலை மிஞ்சுகிறது. தாயாக வரும் ஜோ வான் ஃப்ளீட்டுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. அவர் திரையில் தோன்றும் நேரமோ மிகக் குறைவு. பண்ணையில் தன்னைப் பூட்டிவைத்துப் புனிதம் கற்பிக்க முயன்ற கணவனைப் பற்றி அவர் கசப்போடு சொல்லும்போது, நாவல் தர மறுத்த நியாயம் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கிறது. அரக்கி ஒரு மனுஷியாகிறாள். மாறாக, ஏரனாக நடித்த ரிச்சர்ட் டேவலோஸுக்குப் படம் போதிய இடம் தரவில்லை. லெனார்ட் ரோசன்மனின் இசை சில இடங்களில் தேவைக்கு மேல் உரக்க ஒலிக்கிறது. 1981-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட தொடர் நாவலின் முழுக்கதையையும், லீயையும் சேர்த்துச் சொல்கிறது. கதை தெரிய வேண்டுமென்றால் அது உதவும், அதற்கு மேல் இல்லை.

நாவலை முதலில் படியுங்கள். ஸ்டைன்பெக்கின் ஆங்கிலம் எளியது. கல்லூரி அளவு ஆங்கிலம் போதும். நாளுக்கு 20 பக்கம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு ஓரிரு வாரம் இடைவெளி விட்டு, பெரிய திரையில் படத்தைப் பாருங்கள். இரண்டின் முடிவும் ஒரே அறையில்தான் நிகழ்கிறது. பக்கவாதத்தில் விழுந்த தந்தை படுக்கையில் கிடக்கிறார். இரட்டைச் சகோதரனின் பேரழிவுக்குக் காரணமான மகன் எதிரே நிற்கிறான். நாவலில் லீ அவரிடம் மன்றாடி மகனுக்கு ஆசி கேட்கிறார். அவர் அந்த ஒற்றை எபிரேயச் சொல்லை உதிர்த்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். படத்தில் மன்றாடுவது ஏரனின் காதலியாக இருந்த ஏப்ரா என்ற பெண். ஜூலி ஹாரிஸ் அதில் மிக அருமையாக நடித்திருக்கிறார். அங்கே தந்தை பெரிய வார்த்தை எதுவும் சொல்வதில்லை. இந்த நர்ஸ் வேண்டாம், நீயே என்னைப் பார்த்துக்கொள் என்று காதோடு கேட்கிறார். கேல் ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்துகொள்கிறான்.