கூவர்ச்சர் என்று பணம் வாங்கிக்கொண்டு காம்பவுண்ட் அனுப்பினார்கள்: வீட்டில் கேக் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

காட்பாடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கும் எனக்கு ரூபாய் 9,150 சிறிய தொகை அன்று. சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்பும் ஒரு பேக்கிங் பொருள் விற்பனையாளரிடம் அதைப் பறிகொடுத்த கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன். கூவர்ச்சர் என்பது கோகோ வெண்ணெய் கொண்ட அசல் சாக்லேட்; காம்பவுண்ட் என்பது வேறு தாவரக் கொழுப்பில் செய்யும் மலிவான மாற்று. புகார் நிலுவையில் இருப்பதால் விற்பனையாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை.

லோகோ பைலட்டாக இருந்து பணி ஓய்வு பெறும் தம் தந்தைக்கு, நீராவி எஞ்சின் வடிவில் முழுவதும் சாக்லேட்டாலான கேக் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். இத்தகைய கேக்கில் கண்ணுக்குத் தெரியாத வேலைதான் அதிகம். மென்மையான ஸ்பான்ஜ் வடிவத்தைத் தாங்காது என்பதால் வெண்ணெய் மிகுந்த அடர்த்தியான சாக்லேட் கேக்கைச் சுட்டு, குளிரவைத்துச் செதுக்கி, இரண்டு பங்கு டார்க் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் சேர்த்த கனாஷைப் பூசி இறுக விட வேண்டும். சக்கரங்கள், புகைபோக்கி, ஓட்டுநர் அறையின் சுவர்கள் ஆகியவற்றை டெம்பர் செய்த, அதாவது குறிப்பிட்ட வெப்பநிலைகளில் உருக்கி ஆறவைத்துப் பக்குவப்படுத்திய, சாக்லேட்டில் தனியாக வார்த்து ஒட்ட வேண்டும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, 28 டிகிரி வரை ஆறவைத்து, மீண்டும் 31 அல்லது 32-க்குக் கொண்டுவந்தால்தான் பளபளப்பும், உடைக்கும்போது தெறிக்கும் அந்த ஒலியும் கிடைக்கும். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடுவதால், வேலூர் வெயிலில் ஏ.சி. போடாமல் இந்த வேலையைத் தொடவே முடியாது. இவ்வளவு பாடும் உண்மையான கோகோ வெண்ணெய் கொண்ட கூவர்ச்சருக்காகத்தான். வேறு தாவரக் கொழுப்பில் செய்யப்படும் காம்பவுண்டுக்கு டெம்பரிங்கே தேவையில்லை, விலையும் மிகக் குறைவு. 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோது, ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்பவர்களுக்கு ஆதாயம் இன்னும் கூடியது.

ஐந்து கிலோ டார்க் கூவர்ச்சர், கனமான அலுமினியத்தாலானது என்று சொல்லப்பட்ட எஞ்சின் வடிவ டின், கூரியர் செலவு எல்லாம் சேர்த்து ரூபாய் 9,150 என்றார்கள். பேசிய பெண்மணி அவசரப்படுத்தவே இல்லை. என் ஓவனின் அளவைக் கேட்டார், சாக்லேட் கட்டியை உடைத்துக் காட்டும் வீடியோவை அனுப்பினார். “நானும் ஹோம் பேக்கர்தான் அக்கா, உங்களை ஏமாத்தி நான் என்ன பண்ணப் போறேன்? அந்தப் பெரியவருக்கு என் வாழ்த்தையும் சொல்லிடுங்க” என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் முழுத் தொகையையும் அனுப்பினேன். யுபிஐயில் வேறொருவர் பெயர் வந்தபோதுகூட, “அது வீட்டுக்காரர் கணக்கு அக்கா” என்று இயல்பாகப் பதில் வந்தது.

வந்த பெட்டியில் நிறுவனத்தின் பெயரோ, சேர்பொருள் பட்டியலோ, காலாவதி தேதியோ இல்லாத வெறும் ஜிப் கவர்களில் சாக்லேட் இருந்தது. சிறிது உருக்கி, வேண்டுமென்றே டெம்பர் செய்யாமல் ஊற்றி வைத்தேன். கூவர்ச்சராக இருந்தால் மங்கி, வெண்மை பூத்திருக்க வேண்டும். இதுவோ அப்படியே பளபளவென்று இறுகியது, வாயில் போட்டால் மெழுகைப் போல ஒட்டியது. டின்னோ மெல்லிய தகடு. இரு பாதிகளும் பொருந்தாமல் மாவு ஓவனுக்குள் வழிந்து கருகியது. கடைசியில் தட்டையாகச் சுட்ட கேக்கிலிருந்து கத்தியாலேயே எஞ்சினைச் செதுக்கி, லேபிள் உள்ள சாக்லேட்டை அதிக விலைக்கு வாங்கி வேலையை முடித்தேன். வாடிக்கையாளரிடம் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை.

அதன் பிறகு அந்த அன்பான குரலைக் கேட்க முடியவில்லை. முதலில், “உங்களுக்கு டெம்பரிங் சரியாகத் தெரியவில்லை” என்று செய்தி வந்தது. டெம்பரிங்கே செய்யாமல் பளபளத்ததுதானே என் புகார்! பிறகு, பிரித்த பாக்கெட்டைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். பெட்டியைப் பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் பேச முடியும் என்றார்கள். அதை அனுப்பியதும், அதில் முகவரிச் சீட்டு தெரியவில்லை என்றார்கள். முதலாளி ஊரில் இல்லை, திங்கட்கிழமை பேசுவார் என்றார்கள். திங்கட்கிழமை என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கை விரிக்கிறார்கள். ரூபாய் 9,150 போனதுதான் மிச்சம்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. இவற்றை மட்டும் கவனியுங்கள். உற்பத்தியாளரின் சீல் பிரிக்காத பாக்கெட்டை மட்டுமே வாங்குங்கள். சேர்பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறதா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கிறதா என்று பணம் அனுப்பும் முன்பே படம் கேட்டுப் பாருங்கள். பெட்டியை முகவரிச் சீட்டிலிருந்தே வீடியோ எடுங்கள். பண மோசடி என்றால் உடனே 1930, நுகர்வோர் புகார் என்றால் 1915 என்ற உதவி எண்ணை அழையுங்கள்; நான் இரண்டிலும் பதிவு செய்துவிட்டேன்.

அதே பக்கத்தில், “ஒரிஜினல் கூவர்ச்சர், ஸ்டாக் குறைவு” என்ற புதிய விளம்பரம் நேற்றிரவு வந்திருப்பதைத் தங்கையின் கைப்பேசியில் பார்த்தேன். ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்து யாரேனும் பணம் அனுப்பவிருந்தால், தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.