உச்சிப்புளிப் பட்டறையில் பின் பிரேக் வேலை

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளிக்கு அருகே பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய பட்டறையில் எனது 110 சிசி மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கைச் சரிசெய்தேன். மிதியையும் பின் பிரேக்கையும் இணைக்கும் ராடின் நட்டை இரண்டு சுற்று முறுக்கி அனுப்பிவிடுவதே பல இடங்களில் வழக்கமாகிவிட்ட நிலையில், இங்கே சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்து பார்த்த பிறகுதான் என்ன வேலை என்பதையே சொல்கிறார்கள்.

டிரம்மின் உட்சுவரில் அழுந்திச் சக்கரத்தை நிறுத்தும் ஷூக்கள் அதிகம் தேயவில்லை. ஆனால் உள்ளே நுண்மணலும் கருந்தூளும் படிந்திருந்தன. ஷூவை விரிக்கும் கேம் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. அது இறுகினால், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் ஷூ முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். டிரம் சூடேறும், பெட்ரோலும் வீணாகும். மெக்கானிக் கேமைக் கழற்றித் துருவை நீக்கி, ஷூவின் உரசும் பட்டையான லைனிங்கில் படாதபடி மிகச் சிறிதளவே கிரீஸ் வைத்தார். தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது; அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மிதி வெறுமனே இறங்கும் தூரத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் அமைத்து, மிதியை அழுத்தினால் பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பார்த்தார்.

ஐஸ் பெட்டி கட்டிய மீன் வியாபாரிகளின் வண்டிகளே இங்கு அதிகம் வருவதால், பின் பிரேக்கைப் பற்றிய அவருடைய அறிவு அனுபவத்தில் விளைந்தது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்கு நகர்வதால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பாரம் குறைந்த பின்சக்கரம், மிதியை ஓங்கி மிதித்தால் எளிதில் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். பின்னால் பெட்டியோ ஆளோ இருந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் கூடும், அதன் பிரேக்கும் கூடுதலாக உதவும். பாம்பன் பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று நின்று நகரும்போது, மிதியை இலேசாக அழுத்தியபடி கிளட்சைப் பக்குவமாக விட்டால் வண்டி தள்ளாடாது.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரையிலான சாலையைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. “மணல் வர்றதுக்கு முன்னாடியே, தார் ரோட்டுலயே வேகத்தைக் குறைச்சிருங்கண்ணே” என்றார். மணலில் முன்சக்கரம் பூட்டினால் வண்டி சாய்ந்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாவிட்டால் சிபிஎஸ் என்னும் கூட்டு பிரேக் கட்டாயமாக்கப்பட்டதால், பின் பிரேக் மிதியை அழுத்தினாலே முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆகவே மணல் மேல் ஆக்சிலேட்டரைக் குறைத்து எஞ்சினின் இழுவையிலேயே வேகத்தைத் தணிப்பதும், மிதியைத் தேவைப்பட்டால் மட்டும் மெல்லத் தொடுவதுமே பாதுகாப்பானது. பின் பிரேக்கைச் சரிசெய்த கையோடு கூட்டு பிரேக்கின் கேபிளையும் அவர் சோதித்துக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. ஒருவரே எல்லா வேலையையும் செய்வதால் அரை நாள் ஆகிறது. கூலியை முன்கூட்டியே சொல்வதில்லை, நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஷூ மாற்ற வேண்டியிருந்தால், இராமநாதபுரத்தில் அசல் உதிரிபாகத்தை வாங்கிக்கொண்டு காலையிலேயே வண்டியை விட்டுவிடுவது நல்லது.