ஆசிய வரலாறு படிக்க: நாகையா, தரங்கம்பாடியா?

டெல்டாவில் இருந்துகொண்டு ஆசியாவின் கதையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடலோரத்துக்குத்தான் போக வேண்டும். கற்காலத்துக்கு இரண்டு ஊரும் உதவாது. அதற்கு மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006-ல் கிடைத்த கற்கோடரிதான் கதி. அதிலுள்ள கீறல்கள் சிந்துவெளி எழுத்தா என்ற சண்டை தனி.

தரங்கம்பாடியில் சுற்றுவது எளிது. 1620-ல் இரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. 1706-ல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு இங்கேதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பிள்ளைகளோடு போனால் இதுவே போதும். ஆனால் இங்கே பெரும்பாலும் தெரிவது ஐரோப்பாவின் நீட்சி.

நாகப்பட்டினத்தில் பார்க்க அவ்வளவாக ஒன்றும் மிச்சமில்லை. இருந்தும் என் ஓட்டு நாகைக்கே. சுமத்ராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் சோழநாட்டுத் துறைமுகத்தில் புத்த விகாரம் எழுப்புகிறான். சிவபக்தனான முதலாம் இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிவைக்கிறான். லெய்டன் செப்பேடுகள் எனப்படும் சோழர் செப்பேடுகள் சொல்லும் கதை இது. அவன் மகன் இராஜேந்திரனோ 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை அனுப்புகிறான்! வணிகம், மதம், போர் மூன்றும் ஒரே துறையில். பிறகு போர்த்துக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர். எஞ்சியிருந்த பௌத்த கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். இங்கே தோண்டியெடுத்த புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும்.