சட்டாம்பிள்ளையா, பக்கத்து பெஞ்சா, மூத்த அக்காவா?

இங்கிலீஷில் பிள்ளை பின்தங்கினால் எங்கள் குமரி மாவட்டத் தக்கலைப் பக்கம் உடனே டியூஷன் என்பார்கள். அதற்குக் காசு வேண்டும், இருட்டிய பிறகு ஊர் திரும்ப பஸ்ஸும் வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே சிக்கல். அதனால் பள்ளி நேரத்துக்குள் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்கும் வழிகளை மட்டும் பார்ப்போம்.

கெட்டிக்காரப் பிள்ளையைத் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைப்பது பழைய வழி, திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதில் மற்றப் பிள்ளைகளைக் கவனித்த சட்டாம்பிள்ளை மாதிரி. சென்னை எழும்பூரில் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்றே அங்கே பெயர் விழுந்தது. ஆனால் ஒரே வகுப்புக்குள் இது பெரும்பாலும் காப்பியடிப்பதில்தான் முடிகிறது. நோட்டு நிறையும், வாய் திறக்காது.

சம நிலையில் உள்ள இருவரை ஜோடி சேர்த்தால் கூச்சம் போய்விடும். 40 பேர் வகுப்பில், 40 நிமிடப் பீரியடில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான் பேச வாய்க்கும். ஜோடியாகப் பேசினால் பத்து நிமிடமாவது தேறும். 'டிட் நாட் கோ' என்பதற்குப் பதில் 'டிட் நாட் வென்ட்' என்று ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவனும் தலையாட்டுவான் என்பதுதான் இதில் வினை.

என் ஓட்டு மூன்றாவதற்கு: ஒன்பதாம் வகுப்பு ஆறாம் வகுப்புக்கு வாசிக்கச் சொல்லித்தருவது. ஒரு பள்ளி வராந்தாவில் பார்த்தேன். அந்த அக்கா இங்கிலீஷில் சுமார்தான். 'நைஃப்' (knife) என்று வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, இதில கே எதுக்கு?"

"தெரியல மக்கா, நாளைக்குக் கேட்டுட்டு வாறேன்."

மறுநாள் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்: முன்காலத்தில் அந்தக் கே-யையும் சேர்த்தே உச்சரிப்பார்களாம். பையன் அன்று முழுக்க 'க்நைஃப், க்நைஃப்' என்று திரிந்தான். எழுத்துப்பிழை இனி வருமா? அவளுக்கோ, சொல்லித்தர வேண்டுமே என்ற பயத்தில் தன் பாடமும் படிந்தது. வயது வித்தியாசம் இருப்பதால் 'உனக்கு இதுகூடத் தெரியாதா' என்ற கேலியும் குறைவு.

இரண்டு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பீரியடு அமைவதுதான் கஷ்டம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், வாரம் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். பேச்சுப் பழக்கத்துக்கு வகுப்பில் ஜோடி முறையும் இருக்கட்டும். அப்புறம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம்; பொதுத்தேர்வு வருஷத்தில் வீட்டில் விடமாட்டார்கள்.