தீயணைப்புச் சேவையின் இடர்த் திட்டம்: வரி கட்டும் ஒருவரின் மதிப்பீடு

இங்கிலாந்தில் உள்ள ஒவ்வொரு தீயணைப்பு மீட்பு அதிகாரசபையும், தன் எல்லைக்குள் என்னென்ன ஆபத்துகள் நேரக்கூடும், அவற்றைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும் ஆட்களையும் வண்டிகளையும் எங்கே எப்படி நிறுத்தப்போகிறது என்பதை எழுதி வெளியிட வேண்டும். அந்தத் திட்டம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கானதாக இருக்க வேண்டும், பொதுமக்கள் எளிதில் எடுத்துப் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், மக்களிடமும் பணியாளர்களிடமும் கருத்துக் கேட்டே இறுதி செய்யப்பட வேண்டும் என்று தீயணைப்புச் சேவைகளுக்காக அரசு வெளியிட்ட 2018ஆம் ஆண்டின் தேசியக் கட்டமைப்பு ஆவணம் கூறுகிறது. சமூக இடர் மேலாண்மைத் திட்டம் என்று இப்போது அழைக்கப்படும் இந்த ஆவணத்தைப் பெரும்பாலானோர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கள் பகுதிச் சேவை வெளியிட்டதை நான் பின்னிணைப்புகள் உட்பட முழுமையாகப் படித்தேன். அதன் ஒரு பகுதி நடைமுறைக்கு வந்ததை எங்கள் வீட்டிலேயே பார்க்கவும் முடிந்தது. அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்டுக்குரியதைச் சொல்லிவிடலாம். 2004க்கு முன்பு வரை இப்படியொரு திட்டத்துக்கு அவசியமே இருக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் இருந்தது. கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் பெருநகர வணிகப் பகுதி ‘அ’ வகை என்றால், அங்கே 5 நிமிடத்தில் இரண்டு வண்டிகளும் 8 நிமிடத்தில் மூன்றாவது வண்டியும் போய்ச் சேர வேண்டும். கிராமப்புறம் ‘ஈ’ வகை என்றால், 20 நிமிடத்தில் ஒரு வண்டி போதும். அந்த ஏற்பாடு கட்டடங்களை அளந்ததே தவிர, உள்ளே இருக்கும் மனிதர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. இரவில் பூட்டிக்கிடக்கும் அலுவலகத் தெருவுக்கு மூன்று வண்டிகளும், தனியே வாழும் முதியவர்கள் நிறைந்த புறநகர்த் தெருவுக்கு ஒரே வண்டியும் என்ற நிலைதான் இருந்தது. உயிரிழப்புகள் பெரும்பாலும் வீடுகளில்தான் நேர்கின்றன என்பது தெரிந்த பிறகும், அந்த அளவுகோல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது வியப்பளிக்கிறது.

இன்றைய திட்டம் மனிதர்களிலிருந்து தொடங்குகிறது. ஊரை, ஒவ்வொன்றிலும் சுமார் 1,000 முதல் 3,000 பேர் வாழும் சிறு சிறு கணக்கெடுப்புப் பகுதிகளாகப் பிரித்து, கடந்த சில ஆண்டுகளின் தீ விபத்துகள், வறுமைக் குறியீடு, முதியோர் எண்ணிக்கை, வீட்டு வகை ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைபடம் தயாரிக்கிறார்கள். அந்த வரைபடத்தின் பயன் வீட்டுப் பாதுகாப்பு வருகை என்ற இலவசச் சேவையில் தெரிகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி, என் மாமியார் எந்த அறையில் தூங்குகிறார், இரவில் எழுந்து கதவு வரை தானாக நடக்க முடியுமா என்று கேட்டார். அதன்பின் மேசைமேல் இருந்த தோல் களிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். அப்படிப்பட்ட களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், வழக்கமாகத் துவைத்தாலும் அது முழுதாகப் போகாது, ஆகவே அந்த உடுப்போடு அடுப்பங்கரையில் நிற்க வேண்டாம் என்று நிதானமாக விளக்கினார். ஈரமூட்டும் களிம்புக்கும் தீக்கும் தொடர்பு இருக்கும் என்று நாங்கள் நினைத்தே பார்த்ததில்லை. வாசலுக்கு அருகில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின் மிதிவண்டியை வெளியேறும் வழியிலிருந்து அகற்றச் சொன்னார். பத்தாண்டுக்கு மாற்ற வேண்டியிராத பேட்டரி கொண்ட புகை அலாரத்தையும் மாட்டிவிட்டுப் போனார். இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆனால் தடுப்பிலிருந்து மீட்புக்கு வரும்போது திட்டத்தின் மொழியே மங்கிவிடுகிறது. முதல் வண்டி சராசரியாக இத்தனை நிமிடத்தில் வரும் என்று ஓர் எண் பெரிய எழுத்தில் போடப்பட்டிருக்கிறது. அந்த நிமிடங்களை எப்போதிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. அழைப்பை எடுத்த நொடியிலிருந்து எண்ணும் சேவைகளும் உண்டு. நிலையத்துக்குத் தகவல் போன நொடியிலிருந்து எண்ணும் சேவைகளும் உண்டு. அழைப்பவரிடம் முகவரி கேட்டு உறுதிசெய்யும் நேரம் இரண்டாவது முறையில் காணாமல் போகிறது. தீயின் முன் நிற்பவருக்கோ அந்த நேரமும் நேரம்தான். எங்கள் திட்டம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதை அறிய பின்னிணைப்பு வரை தேட வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய குறை பகுதிநேர நிலையங்களைப் பற்றியது. நாட்டுப்புறங்களில் பல நிலையங்களை நடத்துபவர்கள் முழுநேர வீரர்கள் அல்லர். கடையிலோ தொழிற்கூடத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, இடுப்பிலுள்ள பேஜர் ஒலித்ததும் நிலையத்துக்கு ஓடிவருகிறவர்கள் அவர்கள். வேலைகள் ஊரைவிட்டு வெளியே போய்விட்டதால், வார நாட்களின் பகல் வேளையில் ஒரு வண்டிக்கு வேண்டிய ஆட்கள் சேராத நிலை பல இடங்களில் உண்டு. வரைபடத்தில் அந்த நிலையத்துக்கும் மற்றவற்றைப் போலவே ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அந்த வண்டி பகலில் எத்தனை விழுக்காடு நேரம் புறப்படத் தயாராக இருக்கிறது என்ற எண்ணை, நிலையவாரியாக, அதே பக்கத்தில் போட்டிருந்தால்தான் அது நேர்மையான வரைபடமாகும்.

அரிதாக நேரும் பேரிடர்களை இத்தகைய ஆவணங்கள் எப்படிக் கையாளுகின்றன என்பதையும் கவனித்தேன். லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர் உயிரிழப்பதற்குக் காரணமான தீ, கடந்தகால விபத்துக் கணக்கை மட்டும் நம்பும் திட்டத்தில் சிறு புள்ளியாகக்கூடத் தெரிந்திருக்காது. அதன்பின் வந்த விதிகளால், குறைந்தது 18 மீட்டர் உயரமோ குறைந்தது ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளின் தளவரைபடமும் வெளிச்சுவர் விவரமும் 2023 ஜனவரி முதல் தீயணைப்புச் சேவைக்குக் கிடைக்கின்றன. எங்கள் திட்டம் அவற்றை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. வெப்பத்துக்கும் ஒரு தனி அத்தியாயம் உண்டு. 2022 ஜூலை 19 அன்று பிரிட்டனில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டியபோது, லண்டனின் விளிம்பிலுள்ள வெனிங்டனில் புல்வெளித் தீ வீடுகளை எரித்ததை நினைத்தால், அந்த அத்தியாயம் மிகையல்ல. வெள்ளத்தைப் பற்றிய பக்கம்தான் நழுவலாக இருக்கிறது. இங்கிலாந்தில் வெள்ள மீட்பைத் தீயணைப்புச் சேவையின் கட்டாயக் கடமையாகச் சட்டம் வைக்கவில்லை. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அப்படி வைத்திருக்கிறது. எனவே படகுகளும் பயிற்சியும் ஒவ்வொரு அதிகாரசபையும் தானாக எடுக்கும் முடிவுகள். அந்த முடிவுக்கு எங்கிருந்து பணம் வருகிறது, அதற்காக எது குறைக்கப்படுகிறது என்பதை இந்தத் திட்டம் சொல்லவே இல்லை.

கருத்துக்கேட்புப் படிவம் ஏமாற்றம் தந்தது. ‘ஆபத்து அதிகமுள்ள இடங்களில் கவனம் செலுத்துவதை ஆதரிக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று யார்தான் சொல்வார்கள்? ஒரு நிலையத்தின் இரவுப் பணியைக் குறைத்து அந்தப் பணத்தை வீட்டு வருகைகளுக்குத் திருப்பலாமா என்று கேட்டிருந்தால், பதில்களுக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். 2018 முதல் இந்தச் சேவைகளை நேரில் ஆய்வு செய்யும் அரசு ஆய்வு அமைப்பின் அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திட்டத்தைப் படிக்குமாறு பரிந்துரைக்கிறேன். திட்டம் சொல்லாமல் விட்ட ஆள் பற்றாக்குறை அங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். மூன்றில் இரண்டு வீட்டு வருகைக் குழுவுக்கே உரியவை. 65 வயதைக் கடந்த ஒருவர் வீட்டில் இருந்தால், திட்டத்தைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் அந்த வருகைக்கு இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.