‘டொமைன் இலவசம்’ என்று சொன்னால், யார் பெயரில் என்று கேளுங்கள்

வெப்சைட் போடும் கடைக்காரர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். டொமைன் என்பது தளத்தின் பெயர், ஹோஸ்டிங் என்பது தளம் குடியிருக்கும் சர்வர் வாடகை. வெப்சைட் செய்து தருபவர், "டொமைன், ஹோஸ்டிங், மெயில் ஐடி எல்லாம் நம்மகிட்டயே சார், வருஷத்துக்கு ஒரே பில்" என்கிறார். கடைக்காரருக்கும் அது வசதி. இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். சர்வர் அடிக்கடி படுத்துக்கொள்கிறது, வேறு இடம் பார்க்கலாம் என்று பேச்செடுத்ததும்தான் குட்டு வெளிப்படும். வெப்சைட்டைத் திரும்பச் செய்துகொள்ளலாம், டொமைனை எடுக்க முடியாது. அது டிசைனர் பெயரில், டிசைனர் மெயிலில், டிசைனர் லாகினில் இருக்கிறது. "ரிலீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை கேட்பார், அல்லது போனையே எடுக்கமாட்டார். பெயர்ப்பலகை முதல் கட்டப்பை வரை அச்சடித்த பெயர் அது.

இலவசம் என்பதே பொய்க்கணக்கு. டாட் காம் பெயர்களை நடத்தும் வெரிசைன் நிறுவனம், ரெஜிஸ்ட்ரார்களிடம் (பெயரைப் பதிந்து நமக்கு விற்கும் நிறுவனங்கள்) வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதை யாரும் தானம் செய்வதில்லை. இரண்டாம் வருட ரினியூவலில் சேர்த்து வாங்குவார்கள், அல்லது ஹோஸ்டிங்கை ரத்து செய்து பணம் திரும்பக் கேட்டால் அதில் கழித்துக்கொள்வார்கள்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் பிரித்து வைக்கலாமா என்று கேட்டால், பிரித்தே வையுங்கள். ஆனால் பிரிக்க வேண்டியவை இரண்டல்ல, நான்கு: பெயர்ப் பதிவு, டிஎன்எஸ் (அந்தப் பெயரின் தளமும் மெயிலும் எந்த சர்வரில் என்று சொல்லும் பதிவேடு), ஹோஸ்டிங், மெயில். "நான் பிரித்துத்தான் வைத்திருந்தேன், அப்படியும் எல்லாம் நின்றுபோச்சு" என்பவர்கள் கோட்டைவிடுவது இரண்டாவதில். டொமைனைத் தனியாக வாங்கிவிட்டு, ஹோஸ்டிங்காரர் சொன்னபடி நேம்சர்வரை (டிஎன்எஸ் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்) அவருடையதாக மாற்றிவிடுகிறார்கள். பில் தகராறில் அவர் கணக்கை முடக்கினால், டிஎன்எஸ் ரெக்கார்டுகளும் அதோடு போகலாம். மெயிலை கூகுளில் காசு கட்டி வைத்திருந்தாலும் வராது, ஏனென்றால் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்ட் அங்கேதான் இருந்தது. நேம்சர்வர் ரெஜிஸ்ட்ராருடையதாகவோ கிளவுட்ஃப்ளேர் போன்ற தனி சேவையாகவோ இருக்கட்டும். ஹோஸ்டிங்கை நோக்கி, தளத்தின் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏ ரெக்கார்ட் மட்டும் போதும். தங்கள் நேம்சர்வரைத் தவிர வேறு வைக்க விடாத ரெஜிஸ்ட்ரார்களும் உண்டு, வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஏமாற்று வேலை இல்லாமலும் இந்தப் பிரிவினை உதவும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்துபோனது. பேக்கப் வெளியிடத்திலும் டிஎன்எஸ் தன் கையிலும் இருப்பவருக்கு இது ஒரு நாள் வேலை: புது சர்வர் எடுத்து, ஏ ரெக்கார்டை மாற்ற வேண்டும். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் நிலைமை வேறு.

உங்கள் டொமைன் யார் கையில் என்று இன்றே பாருங்கள். டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் ரெஜிஸ்ட்ரார் யார், என்று காலாவதி, எந்த நேம்சர்வர் என்பது தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், 2018க்குப் பிறகு அப்படித்தான். ஆகவே உண்மையான சோதனை ஒன்றுதான்: அந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் நீங்களே லாகின் செய்ய முடிகிறதா? பாஸ்வேர்டை மாற்றக் கேட்டால் மெயில் யாருக்குப் போகிறது?

அந்த மெயில் விஷயத்தில் ஒரு அசட்டுத் தவறு எல்லோரும் செய்கிறார்கள். தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மெயிலைக் கொடுப்பது. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன், ஒரு வாரம் முன், காலாவதியான ஐந்து நாளுக்குள் என்று ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், கடைசி எச்சரிக்கை வந்தே சேராது. தனி ஜிமெயில் ஒன்று கொடுங்கள். டாட் காமில் காலாவதிக்குப் பின் புதுப்பிக்க அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம், அதுவும் ரெஜிஸ்ட்ரார் விருப்பம். பிறகு 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பலமடங்கு. அதன்பின் மீட்கவே முடியாத 5 நாள், பிறகு பெயர் சந்தைக்கு வந்துவிடும். பல ரெஜிஸ்ட்ரார்கள் அதற்கு முன்பே ஏலம் விடுகிறார்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சண்டையில் ஆரம்பிக்காதீர்கள். பாக்கி பில்லைக் கட்டிவிட்டு, அதே ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, டொமைனை அதற்கு ‘புஷ்’ செய்யச் சொல்லுங்கள். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றும்போது வேண்டிய ஆத் கோட் (மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு), ஐந்து நாள் காத்திருப்பு எதுவும் இதில் கிடையாது. உரிமையாளர் பெயர் மாறுவதால் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற 60 நாள் தடை விழலாம். விழட்டும், அந்த நாட்களிலும் நேம்சர்வரை மாற்றத் தடையில்லை.

டிசைனர் காணாமல் போயிருந்தால் அவர் ரீசெல்லர் (ஒரு ரெஜிஸ்ட்ராரின் சேவையை இடையில் விற்பவர்) மட்டும்தானா என்று பாருங்கள். பதிவு உங்கள் பெயரில் இருந்தால் மேலே உள்ள ரெஜிஸ்ட்ராரிடம் பில்லோடு நேரடியாகப் போகலாம். நீங்கள் பணம் கட்டியிருக்கும்போது, ரீசெல்லர் தனக்குப் பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லி ரெஜிஸ்ட்ரார் மாற்றத்தை மறுக்க ஐகேன் விதி இடம் தராது. பதிவே அவர் பெயரில் என்றால் கசப்பான சேதி: விதியின் கண்ணில் உரிமையாளர் அவர்தான். டாட் காமுக்கு யூடிஆர்பி, டாட் இன்னுக்கு அதை நடத்தும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்று, டொமைன் தகராறைத் தீர்க்கும் நடுவர் முறைகளின் வழிதான் பெரும்பாலும் மிச்சம். இரண்டிலும் பெயர்மீது டிரேட்மார்க் போன்ற உரிமையைக் காட்ட வேண்டும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு செய்தார் என்பதையும் வாதாட வேண்டும்.

ஹோஸ்டிங் மாற்றும்போது ஒரு நாள் முன்பே ஏ ரெக்கார்டின் டிடிஎல்லை (மற்ற சர்வர்கள் அந்த ரெக்கார்டை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறையுங்கள். நேம்சர்வரையும் சேர்த்து மாற்றுவதானால், எம்எக்ஸ், மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் உட்பட எல்லா ரெக்கார்டுகளையும் புது இடத்தில் முதலில் எழுதிவிடுங்கள். டிகேஐஎம் விட்டுப்போனால் நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமில் விழலாம், ஒரு வாரம் கழித்து வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலி அல்ல என்று சரிபார்க்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால், அதற்காக ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, ஒரு நாள் பொறுத்து, பிறகு நேம்சர்வரை மாற்றுங்கள். அவசரப்பட்டால் பாதிப் பேருக்குத் தளம் திறக்கும், பாதிப் பேருக்குத் திறக்காது, புது ஹோஸ்டிங்காரரை வீணாகத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரமாவது ரத்து செய்யாமல் வைத்திருங்கள்.