தோள்வலிக்கு ஆறு அமர்வா, ஒரே அமர்வா?

தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் 'ரொட்டேட்டர் கஃப்' தசைநாண்களில் வலி வந்தால், பிசியோதெரபிஸ்ட்டிடம் பலமுறை போவதா, ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்வதா? 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'கிராஸ்ப்' ஆய்வு, இங்கிலாந்தில் 708 பேரிடம் இதைத்தான் ஒப்பிட்டது. ஒரு பக்கம் ஆறு அமர்வுகள் வரை, படிப்படியாகக் கடினமாகும் பயிற்சி. இன்னொரு பக்கம் ஒரே அமர்வு, தெளிவான ஆலோசனை, அப்புறம் வீட்டுப் பயிற்சி. 12 மாதங்களில் வலியிலும் கையின் செயல்பாட்டிலும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை! இரு பக்கத்திலும் சிலருக்குக் கூடவே போட்ட ஸ்டீராய்டு ஊசியின் சிறு பலனும் நீடிக்கவில்லை.

நேரமும் பணமும் இடித்தால், ஒரே அமர்வைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். தனியாகச் செய்யப் பயப்படுபவருக்குத்தான் பல அமர்வுகள் தெம்பு தரும். விழுந்து அடிபட்டு, கையைத் தூக்கவே முடியாதவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.